மின்வாயில் படிந்த படலம்

பற்றரியைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன் என்று வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் செத்த பற்றரிகள் சேரத் தொடங்கின. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒருக்காப் பாத்து வையுங்க, அவசரமில்ல" என்று போனார். மாமி தன் கைபேசியை என் மடியில் போட்டு, "பின்னேரத்துக்குள்ள சார்ஜ் இறங்குது, இதப் பாக்காம என்னத்தப் படிக்கிறாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் சுபாவம். நான் பற்றரி திருத்துகிறவள் இல்லை, செத்த பற்றரிக்குப் பிரேத பரிசோதனை செய்கிறவள் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அதற்குப் பிறகு மாமி ஊரில் யார் கேட்டாலும் "அவ பற்றரிக்குப் போஸ்ட்மோட்டம் செய்யிறா" என்று சொல்லத் தொடங்கினார். அதைவிடச் சரியாக என்னாலும் சொல்ல முடியாது.

வேலை இதுதான். கைவிரல் நீளத்தில் இருக்கும் ஒரு இலிதியம் மின்கலத்தைப் பிரித்தால் உள்ளே இரண்டு நீண்ட தகடுகள் பாய் போல் சுருட்டப்பட்டிருக்கும். ஒன்று நேர்மின்வாய், மற்றது எதிர்மின்வாய். எதிர்மின்வாயின் மேல் ஒரு மெல்லிய படலம் படியும். தேத்தண்ணிக் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படிவதைப் போலத்தான். மெல்லியதாக இருக்கும்வரை அது நல்லது, தகட்டைக் காக்கும். தடித்துப்போனால் மின்கலம் கிழடாகிவிடும். அந்தப் படலம் எப்படித் தடிக்கிறது, எங்கே வெடிக்கிறது என்பதைச் சாதாரணக் கண்ணாடியால் பார்க்க முடியாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அது எங்கள் பக்கத்தில் இல்லை. கொழும்புப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தது. மட்டக்களப்பில் இருந்து ஒரு முழுப் பகல் பயணம். அதில் எனக்கு நேரம் கிடைப்பது சில வாரங்களுக்கு ஒருமுறை, அதுவும் அரை நாள்.

மின்கலம் தேடுவது சுலபமாகத்தான் இருந்தது. வாவியில் இறாலுக்கும் நண்டுக்கும் போகிறவர்கள் எல்லாரும் இப்போது தலையில் கட்டும் டோர்ச்தான் பாவிக்கிறார்கள். அதற்குள் இருப்பது நான் படிக்கும் அதே இலிதியம் மின்கலம். ஒரே பெட்டியில் வந்த புதிய மின்கலங்களில் பாதியை மீனவர்களிடம் கொடுத்துப் பத்து மாதம் பாவிக்கச் சொல்வது, மற்றப் பாதியை ஆய்வுகூடத்தில் இயந்திரத்தில் மாட்டி அதே அளவு ஏற்றி இறக்குவது, முடிவில் இரண்டையும் திறந்து ஒப்பிடுவது. இதுதான் என் மூன்றாம் அத்தியாயம். அந்தக் கொழும்பு ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியருக்கு, அதாவது என் மேற்பார்வையாளருக்கு, திட்டம் பிடித்துப்போனது. மனிதன் பாவிக்கும் மின்கலத்தை யாரும் பார்ப்பதில்லை, எல்லாரும் இயந்திரத்தில் ஏற்றி இறக்கிச் சுழற்றியதையே பார்க்கிறார்கள் என்றார்.

படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், ஆறு தோணிக்காரரைப் பிடித்தேன். அவர்களில் ஒருவரின் மனைவிதான் இந்தக் கதைக்கு வேண்டியவர். கணவர் பிடித்ததை விற்பது, கிழிந்த வலை பொத்துவது, டோர்ச்சை ஏற்றி வைப்பது எல்லாம் அவர் கையில் இருந்தது. நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னைப் புள்ள என்றார். அச்சடித்த வினாக்கொத்து ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். பல்கலைக்கழகத் தமிழில் நானே கட்டியது. "மின்னேற்றச் செயன்முறைகளுக்கிடையிலான சராசரி இடைவெளி யாது?" என்று வாசித்தேன். அக்கா கணவரைப் பார்த்தார், கணவர் வலையைப் பார்த்தார்.

"இது எந்தூருத் தமிழ் புள்ள?" என்றார் அக்கா.

எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள் என்று மாற்றிக் கேட்டேன். காலையில் தோணி வந்ததும் ஏற்றுவதாகவும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பச்சை விளக்கு வந்ததும் கழற்றுவதாகவும் சொன்னார். எத்தனை மணித்தியாலம் எரியும், தண்ணீரில் விழுந்ததா, எந்தச் சார்ஜர், எல்லாம் கேட்டேன், எல்லாம் எழுதினேன். நல்ல வேலை செய்தேன் என்ற திருப்தியோடு ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றினேன். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவையை.

இனி ஆய்வுகூடத்து உதவியாளரைச் சொல்ல வேண்டும். மின்கலத்தைக் காற்றில் திறக்க முடியாது. உள்ளே இருப்பது காற்றில் இருக்கும் ஈரத்தைக் கண்டால் உடனே வேறொன்றாக மாறிவிடும். அதனால் ஆகன் வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் சுவரில் பொருத்தியிருக்கும் நீண்ட இறப்பர் கையுறைகளுக்குள் கைகளை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். எங்கள் ஊர்க்காரர், புளியந்தீவில் பிறந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். குடும்பமே தச்சுவேலை. இவர் மட்டும் படித்து கொழும்புப் பக்கம் போனவர். வயது எனக்கும் அவருக்கும் ஒன்றுதான், ஆனாலும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு ஒரு திருகாணியைப் பிடிக்கவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அவர் அதற்குள் கையை விட்டுத் தகட்டைப் பிரித்து, கழுவி, நகத்தளவு துண்டாக வெட்டி, மாதிரித் தட்டில் ஒட்டுவதைப் பார்த்தால் வெறுங்கையால் செய்வது போல இருக்கும். தான் தொட்ட ஒவ்வொரு மாதிரிக்கும் பெட்டிக்குள் எவ்வளவு ஈரம் இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். யாரும் கேட்பதில்லை, அவராகவே எழுதுவார். ஊர் ஆளைக் கண்ட சந்தோசத்தில் எனக்குக் கூடுதலாகவே உதவி செய்தார். மதியச் சாப்பாட்டுக்குத் தன் பொதியில் இருந்து மீன் பொரியலைத் தள்ளி வைப்பார். "கொழும்பு மீன் ஐஸ் மணக்கும் மிஸ், இத ஊரில இரிந்து கொண்டந்த" என்பார்.

பத்து மாதம் முடிந்தபோது மாரி. எங்கள் மாரி தெரியும்தானே, வயல் வட்டை எல்லாம் கடலாகிவிடும். மீனவர்களிடம் இருந்து நான்கு மின்கலங்களைத் திரும்ப வாங்கியிருந்தேன். மற்ற இருவரும் தொழில் நேரத்தில் தர மாட்டோம், பிறகு வாங்குங்கள் என்றார்கள். உதவியாளர் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, ஊருக்கு வந்திருந்தார். தெருவில் தண்ணீர் ஏறுகிறது, ரயில் நிற்கப் போகிறது என்று கதை வந்ததும் அவர் ஒரு நாள் முந்தியே புறப்பட்டார். போகும்போது என் வீட்டுக்கு வந்து மின்கலங்களை வாங்கிக்கொண்டார். "நான் திறந்து ரெடியாக்கி வைக்கிறன், நீங்க வெள்ளம் வத்தினாப்போல வாங்க" என்றார். எனக்கு அது பெரிய உதவி. பல்கலைக்கழகம் கடைசியாகத் தந்த கால நீடிப்பில் பாதி முடிந்திருந்தது. அடுத்த நீடிப்பு இல்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

இயந்திரத்தில் சுழற்றிய மின்கலங்களை அதற்கு முன்பே நானும் அவரும் சேர்ந்து திறந்திருந்தோம். அவற்றின் படங்கள் அழகாக வந்திருந்தன. எதிர்மின்வாயின் கிரபைற்றுத் துணிக்கைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, மேலே மெல்லிய படலம். வெள்ளம் வற்றிப் போய் மீனவர்களின் மாதிரியை நுணுக்குக்காட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். துணிக்கை எதுவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் மூடி ஒரு தடித்த படை, அதில் வெடிப்புகள். நான்கிலும் அப்படியே. மூலகங்களைக் காட்டும் வரைபடத்தில் மங்கனீசுக்கு ஒரு சின்ன முனை தெரிந்தது. மங்கனீசு நேர்மின்வாயில் இருக்க வேண்டியது, எதிர்மின்வாயில் அதற்கு என்ன வேலை? வெட்டும்போது தூள் பறந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

பேராசிரியர் படத்தை அரை நிமிடம்தான் பார்த்தார்.

"இது காத்துப் பட்ட மாதிரி" என்றார். "இயந்திரத்தில ஓடினதுக்கும் இதுக்கும் பாவனை ஒண்டு எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. பாவனை ஒண்டெண்டா இப்பிடி வித்தியாசம் வராது. திறக்கேக்க ஏதோ பிழை நடந்திருக்கு."

பத்து மாத வேலை. நீடிப்பு முடிய இருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணலாம். விடுதி அறைக்குப் போய் அழுதேன், அழுது முடிய ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இயந்திர மின்கலங்களைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன், அவை சுத்தம். இவற்றை அவர் தனியாகத் திறந்தார், இவை நாசம். கணக்கு நேராக வந்தது.

அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கவனமாகத்தான் எழுதினேன். மாதிரிகளின் விபரம், நாள், எடுத்த படங்கள் எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன்: "இந்த நான்கு மாதிரிகளும் திறக்கப்பட்டபோது நான் ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை என்பதைத் தங்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்." அந்த வசனத்தை மூன்று முறை திருத்தி எழுதினேன். அது எந்தக் காதில் எப்படி விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அடுத்த முறை நான் போனபோது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வேறொருவர் இருந்தார். நம்மவரைக் களஞ்சிய அறைக்கு மாற்றியிருந்தார்கள். போத்தல்களை எண்ணுவது, வாயுச் சிலிண்டர்களுக்குக் கையெழுத்து வைப்பது. நடைபாதையில் எதிர்ப்பட்டபோது "வாங்க மிஸ், ஊரில மழை விட்டிட்டா?" என்று கேட்டார். விட்டுவிட்டது என்றேன். அன்று அவர் மீன் பொரியல் கொண்டுவந்து வைக்கவில்லை, நானும் அந்தப் பக்கம் சாப்பிடப் போகவில்லை. எனக்குக் கொஞ்சம் குத்தியதுதான். ஆனால் தவறு செய்தவர் அவர், நான் என்ன செய்ய என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மீனவர்களிடம் இன்னும் இரண்டு மின்கலங்கள் மிச்சம் இருந்தன. அவற்றை வாங்கி, என் கையாலேயே திறந்து, சுத்தமான படத்தை எடுத்துக் காட்டினால் அத்தியாயம் பிழைத்துவிடும். அதுதான் என் திட்டம். வழக்கமாகக் காலையில், தோணி வரும் நேரத்தில்தான் படுவான்கரைக்குப் போவேன். அன்று பாதை பழுதாகி நின்று, வேறு வழியால் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அக்காவின் கணவர் உறக்கம். அக்கா முற்றத்தில் இருந்தார். பற்றரிக்கு வந்தேன் என்றேன்.

"பொறு புள்ள, எடுத்துத் தாறன்" என்று எழும்பி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் ஏறி, குசினிக்கு மேல் இருந்த தகரத்தில் கையை நீட்டினார். தகரத்தில் ஒரு பக்கம் கருவாடு காய்ந்தது. மறு பக்கம் ஒரு மூடியில் அவர்களுடையதும் மற்றத் தோணிக்காரருடையதுமாக இரண்டு மின்கலங்கள் படுத்திருந்தன. அக்கா சேலைத் தலைப்பால் பிடித்துத்தான் அவற்றை எடுத்தார். அவ்வளவு சூடு.

"இது ஏன் அக்கா மேல கிடக்கு?"

"காய வெச்ச புள்ள."

"நனைஞ்சு போச்சா?"

"நனையல்ல. சார்ஜ் ஏறினாப்போல வெயில்ல வெச்சாத்தான் நல்லாப் பிடிக்கும். மறுகா பொழுது பட எடுத்துப் போட்டா விடிய மட்டும் எரியும்."

"ஒவ்வொரு நாளுமா வைக்கிற?"

"ஒவ்வொரு நாளும்தான். எல்லாரும்தான் வைக்கிற" என்று கையால் ஊரைக் காட்டினார். "சண்டைக் காலத்தில ஆமிக்காரன் இங்கால ஒரு பற்றரி கொண்டுவர விட்டானா? றேடியோப் பற்றரி ரெண்டு கிடைச்சா அத வெச்சுத்தான் வருசம் ஓட்டின. வெயில்ல போடுற, அவிக்கிற, ஆணியால ஓட்டை குத்தி உப்புத்தண்ணி விடுற. இதுக்கு ஓட்டை குத்தப் பயம். அதால வெயிலோட விட்டிட்டம்."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன் புள்ள, பிழையா?" என்று கேட்டார்.

பழைய றேடியோப் பற்றரிக்கு அது பிழையில்லை. வெயிலில் வைத்தால் உள்ளே இரசாயனம் கொஞ்சம் உசாராகும், இன்னும் ஒரு செய்தி கேட்கலாம். இலிதியம் அப்படியல்ல. முழுதாக ஏற்றிய இலிதியம் மின்கலத்தைச் சுடுதகரத்தில் பகல் முழுவதும் போட்டால், அதைக் கெடுப்பதற்கு அதைவிட நல்ல வழி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை. படலம் தடிக்கும். நேர்மின்வாயில் இருந்து மங்கனீசு கரைந்து எதிர்ப்பக்கம் போய்ப் படியும். எல்லாம் நான் இரண்டாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்ததுதான். பாவனை ஒன்றுதான், ஆனால் பாவிக்காத நேரத்தில் மின்கலம் எங்கே கிடந்தது என்று என் வினாக்கொத்து கேட்கவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், இது எனக்குத் தெரியாத பழக்கம் அல்ல. சின்ன வயதில் எங்கள் வீட்டு மதிலிலும் றேடியோப் பற்றரி காய்ந்திருக்கிறது. நானே எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். பட்டம் படிக்கப் போய் ஆராய்ச்சி என்று வந்தபோது, சனங்கள் புதிய மின்கலத்தைப் புதிய மாதிரித்தான் பாவிப்பார்கள் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

அந்த இரண்டையும் கொண்டுபோய் நானே திறந்தேன். புதியவர் பக்கத்தில் நின்று பெட்டிக்குள் ஈரம் இல்லை என்பதை உறுதிப்படுத்தினார். படத்தில் அதே தடித்த படை, அதே வெடிப்பு, அதே மங்கனீசு. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது, மறைக்கவில்லை. அத்தியாயம் பிழைத்துவிட்டது. பிழைத்தது மட்டுமல்ல, யாரும் எழுதாத ஒன்றாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் களஞ்சிய அறை நினைவுக்கு வந்தது. அவர் திறந்தவற்றில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. வெட்டும்போது தூள் பறந்ததும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியைச் சின்னப்பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தவள் நான்.

அன்று ஒரு மாடிப்படி இறங்கினால் களஞ்சிய அறை. போயிருக்கலாம். போகவில்லை. இன்னும் உறுதியாக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொன்னேன். மட்டக்களப்புக்கு வந்து எங்கள் கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல், முழுதாக ஏற்றிய புதிய மின்கலங்களையும் ஒரு வெப்பமானியையும் இரண்டு மாதம் வெயிலில் வைத்தேன். ஏதும் வெடித்துக் கிடித்துத் தொலையும் என்ற பயத்தில் கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றினேன். மாமி அதற்கும் ஒரு பேச்சுப் பேசினார். "போஸ்ட்மோட்டம் செய்தது காணாதெண்டு இப்ப கருவாடும் போடுறாளாக்கும்." முடிவு நான் எதிர்பார்த்தபடியே வந்தது. இரண்டு மாத வெயிலுக்கு ஏற்ற அளவில் படலம் தடித்திருந்தது.

பேராசிரியர் அந்த முறை படங்களை அரை மணித்தியாலம் பார்த்தார். இதை முன்னமே கேட்டிருக்கலாமே என்று சொல்வார் என்று பயந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "இப்பிடியொரு பழக்கம் இருக்கெண்டு கண்டுபிடிச்சதே பெரிய விஷயம்" என்றார். நான் கண்டுபிடித்தேனாம். பாதை பழுதானதற்குப் போக வேண்டிய பாராட்டு.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். அப்போதும் நேரில் அல்ல, மின்னஞ்சலில்தான். முதலில் திறந்த நான்கு மாதிரிகளும் முறைப்படியே திறக்கப்பட்டிருந்தன, உதவியாளரின் வேலையில் எந்தப் பிழையும் இல்லை, அவர் பெட்டியருகே விட்டுப்போன கொப்பியில் எழுதி வைத்த ஈர அளவுகளே அதற்குச் சாட்சி, முன்னைய மின்னஞ்சலில் நான் எழுதிய கடைசி வசனம் எழுதப்பட்டிருக்கக் கூடாதது, அவரை மீண்டும் பழைய பொறுப்பில் விட வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். இந்த முறை எதையும் சுற்றி வளைக்கவில்லை. பதில் மறுநாள் வந்தது. நன்றி, கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம், தற்போதைய ஒழுங்கு நன்றாக நடப்பதால் உடனடி மாற்றம் எதுவும் அவசியமில்லை. அவ்வளவுதான். நேரில் போய்க் கேட்டேன். அது நிர்வாக விஷயம், நீங்கள் ஆய்வேட்டைப் பாருங்கள் என்றார். ஒருவரை இறக்கிவிட என் ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஏற்றிவிட ஒரு பக்கம் போதவில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழிப் பரீட்சையில் வெளியே இருந்து வந்த பரீட்சகர் கேட்ட முதல் கேள்வியே, முதல் நான்கு மாதிரிகளிலும் காற்றுப் படவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான். களஞ்சியத்தில் இருந்தவரின் கொப்பியில் இருந்து படியெடுத்த பக்கங்களை எடுத்து வைத்தேன். பரீட்சகர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்காக எழுதினது யார்?" என்று கேட்டார். சொன்னேன். நல்ல வேலைக்காரன் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஒரு மணித்தியாலத்தில் நான் கலாநிதி.

படுவான்கரைக்குப் போய் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் சொன்னேன், இனி வெயிலில் வைக்க வேண்டாம், நிழலில் வையுங்கள், கூடக் காலம் வரும் என்று. அக்கா நம்பாமல்தான் கேட்டார். ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது அது.

அந்த வருட நத்தாருக்கு உதவியாளர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று அறிந்து புளியந்தீவுக்குப் போனேன். கேக் வாங்கிக்கொண்டு போனேன், அவர்கள் வீட்டில் அதைவிட நல்ல கேக் இருந்தது. அவருடைய அம்மா தங்கள் போர்த்துக்கேயப் பாசையில் அவரிடம் ஏதோ கேட்டார். அவர் தமிழில், "ஓம், நான் சொன்ன மிஸ்தான்" என்று சொன்னார். என்ன சொல்லியிருந்தாரோ என்று எனக்கு வியர்த்தது. அம்மா சிரித்த முகத்தோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். கெட்டதாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போது விளங்கியது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. தகரத்தில் காய்ந்த மின்கலத்தில் தொடங்கி, மின்னஞ்சலில் நான் சேர்த்த வசனத்தையும், அதை மூன்று முறை திருத்தியதையும், பிறகு எழுதியதற்கு வந்த பதிலையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வெயிலில் வைக்கும் கதை வந்தபோது மட்டும் சிரித்தார். "எங்கட வீட்டயும் வெச்சதுதானே மிஸ். எனக்கும் வரல்லியே யோசின."

"உங்களத் தனியக் கூப்பிட்டு நான் ஒருக்காக் கேட்டிருக்கலாம் எண்டு உங்களுக்குக் கோபம் வரல்லியா?" என்று கேட்டேன்.

"வந்தது. பேராசிரியர் என்னக் கூப்பிட்டு உங்கட ஈமெயிலக் காட்டினவர். வாசிச்சுப் போட்டு, இதில பிழை ஏதும் இரிக்கா எண்டு கேட்டார். அந்தக் கடைசி வசனத்தத் திரும்பத் திரும்ப வாசிச்சன் மிஸ். பொய் ஒண்டு இரிந்திருந்தா மறுத்திருப்பன்."

தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நீங்க அங்க இரிக்கல்லத்தானே" என்றார்.